பங்கு பிரிக்கும் முன் வரவேண்டிய உதவி: போர்க்கால மீன்பிடி நிவாரணம் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஒன்றிய அரசின் மீன்வளத் துறை
தமிழ்நாடு அரசின் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

போர் இரண்டு வழிகளில் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைகிறது. தொலைவில் நடக்கும் போர் டீசல், மண்ணெண்ணெய், வலை நூல் ஆகியவற்றின் விலையாக வருகிறது. பக்கத்தில் நடக்கும் போர் ‘கடலுக்குப் போகாதே’ என்ற ஆணையாக வருகிறது. புயலுக்கு எச்சரிக்கைக் கூண்டு இருக்கிறது, இனப்பெருக்கக் காலத்துக்குத் தடைக்கால நிவாரணம் இருக்கிறது. போருக்கென்று எழுதி வைத்த விதி எதுவும் மீன்பிடித் தொழிலுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் மனு, மறியல், அறிவிப்பு என்றே போகிறது. அறிவிப்பு வரும்போது பருவம் முடிந்திருக்கிறது. இந்த விதியை அமைதிக் காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல். அதை எப்படி எழுத வேண்டும் என்பதையும் படகுக் கணக்கை வைத்தே சொல்கிறோம்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச் முதல் பாதியிலேயே கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரைத் தாண்டிப் போய் வந்தது. இங்கே சில்லறை பங்க் விலை மார்ச் 22 வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் மொத்த நுகர்வோருக்கான டீசல் விலை அதற்கு இரண்டு நாள் முன்பே லிட்டருக்கு ஏறத்தாழ 25 ரூபாய் உயர்ந்துவிட்டது. மும்பையில் சில்லறை விலை 94 ரூபாய்ச் சொச்சம், மொத்த விலை 122 ரூபாய். பேருந்துக் கழகங்களையும் தொழிற்சாலைகளையும் மனதில் வைத்து எடுத்த அந்த முடிவில் மகாராஷ்டிரத்து மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் பம்புகளும் மாட்டிக்கொண்டன. எண்ணெய் நிறுவனத்தின் பதிவேட்டில் அவையும் ‘மொத்த நுகர்வோர்’தான். மீனவருக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று துறைமுகத்துக்குள் வைத்த பம்பு, ஊருக்குள் இருக்கும் சாதாரண பங்க்கைவிட விலை கூடியதாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. மீன்பிடிப் பம்பு எந்த வகையில் சேரும் என்று யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். டீசல் மீதான கலால் வரியில் 6 ரூபாய் குறைப்பு மே 21 அன்று அறிவிக்கப்பட்டது. கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தின் நடுப்பகுதி. விசைப்படகுகள் கட்டிக் கிடந்தபோது வரி குறைந்தது. அவை ஓடிய மார்ச், ஏப்ரல் நாட்களில் குறையவில்லை.

எனவே முதல் கோரிக்கை: மீன்பிடித் துறைமுகம், மீன் இறங்குதளம், மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் எரிபொருள் நிலையங்கள் அனைத்தும் எந்தச் சூழலிலும் சில்லறை விலைக்கு மேல் விற்கக்கூடாது என்று நிரந்தர ஆணை வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடுகூடப் பெரிதாகத் தேவைப்படாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எரிபொருள் மானியம் யார் கைக்கு, எந்த நேரத்தில் போகிறது என்பதுதான் இந்த மடலின் மையம்.

மீன்பிடிப் படகில் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை, பங்குதான். மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், ஏலக் கமிஷன் ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே பிரியும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். கணக்கு எளிதாக இருக்க, இழுவைப் படகு ஒன்றின் ஒரு நாள் கடலை, அதாவது ஒருமுறை கடலுக்குப் போய்வருவதை, எடுத்துக்கொள்வோம். மீன் விற்றது 60,000 ரூபாய். டீசல் 400 லிட்டர், 90 ரூபாய் வீதம் 36,000. மற்றச் செலவு 6,000. மிச்சம் 18,000. அறுபதுக்கு நாற்பது என்று பிரித்தால் உரிமையாளருக்கு 10,800. ஆறு தொழிலாளருக்கு 7,200, ஆளுக்கு 1,200.

டீசல் 25 ரூபாய் ஏறட்டும். செலவு 10,000 கூடுகிறது. மிச்சம் 8,000. தொழிலாளர் பங்கு 3,200, ஆளுக்கு 533. எரிபொருள் விலை உயர்ந்தது நூற்றுக்கு 28. தொழிலாளி இழந்தது நூற்றுக்கு 56. செலவைக் கழித்த பிறகு பங்கு என்ற முறையில் விலையேற்றம் இப்படித்தான் பெருகி இறங்கும்.

இப்போது அரசு அந்த 10,000 ரூபாயையும் முழுதாகவே ஈடுகட்டுகிறது என்று வையுங்கள். ஆனால் ரசீது வாங்கி, சரிபார்த்து, மூன்று மாதம் கழித்துப் படகு உரிமையாளரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அன்றைய பங்கு அன்றே பிரிந்து முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் ஆட்கள் படகு மாறியிருப்பார்கள், சிலர் வேறு துறைமுகத்துக்கே போயிருப்பார்கள். உரிமையாளர் கையில் 4,800உம் 10,000உம் சேர்ந்து 14,800 நிற்கும், போருக்கு முன்னால் வந்ததைவிட 4,000 கூடுதலாக. தொழிலாளி 533இலேயே நிற்பார். உரிமையாளர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. இந்த மடலை எழுதுபவர்களில் உரிமையாளர்களும் இருக்கிறோம். மூன்று மாதம் கைக்காசைப் போட்டு டீசல் அடிப்பவருக்கும் அது சுமைதான், பலர் அதற்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். பணம் தாமதமாக, பங்குக் கணக்குக்கு வெளியே வருவதுதான் கோளாறு. உதவி பம்பிலேயே விலைக் குறைப்பாக வந்தால் செலவுப் பட்டியலில் டீசல் தொகை குறையும், மிச்சம் கூடும், இருவருக்கும் அவரவர் பங்கில் போய்ச் சேரும். ஒரு ரூபாய்கூட அரசுக்குக் கூடுதல் செலவில்லை.

நடைமுறை இப்படி இருக்கலாம். முந்தைய 90 நாட்களின் சராசரி சில்லறை விலையை அடிப்படை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். விலை அதற்கு மேல் 10 ரூபாயைத் தாண்டி ஏழு நாட்கள் நின்றால், எட்டாம் நாள் காலை முதல் 10 ரூபாய்க்கு மேற்பட்ட வித்தியாசம் பம்பில் தானாகக் கழிய வேண்டும். அடிப்படை விலை போர்க்காலம் முழுக்க அசையாமல் இருக்க வேண்டும். அது ஒவ்வொரு வாரமும் நகர்ந்தால், ஏறிய விலையே புதிய சராசரியாகி மூன்றாம் மாதத்தில் உதவி தானாக மறைந்துவிடும். விலை இறங்கி 30 நாட்கள் நிலைத்தால் கழிவு நிற்கலாம். யாரும் அறிவிக்க வேண்டாம், யாரும் மனுக் கொடுக்க வேண்டாம்.

எத்தனை லிட்டருக்கு? தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்தது. 2023இல் 19,000 என்று அறிவிக்கப்பட்டது. தடைக்காலம் போக மாதம் 1,900 என்று வைத்தால், பாக் நீரிணையில் வாரம் மூன்று நாள் போகும் படகுக்கு மாதம் பன்னிரண்டு கடல், கடலுக்கு 400 லிட்டர், ஆக 4,800 லிட்டர் தேவை. ஒதுக்கீடு அதில் ஐந்தில் இரண்டு பங்குதான். நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும், குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதியின் தங்கு கடல் படகுகளுக்கு ஒரு பயணத்துக்கே ஐயாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். அமைதிக் காலத்தில் மிச்சத்தை வெளி விலைக்கு வாங்கிச் சமாளிக்கலாம். போர்க் கழிவை இந்த மாத அளவோடு கட்டினால் பாதிக்கு மேற்பட்ட பயணங்கள் வெளியே நிற்கும். ஆகவே மாத அளவை விட்டுவிட்டு, கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கனோடு கட்டுங்கள். ஒரு டோக்கனுக்கு, இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கு ஏற்ப, இத்தனை லிட்டர்.

இதில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். கடலுக்கே போகாத படகின் டீசல் ஒதுக்கீட்டுப் புத்தகத்தைக் காட்டி டீசல் எடுத்து வெளியில் விற்பது நடக்கிறது. விலை ஏற ஏற அந்த ஆசை கூடும். டோக்கனோடு கட்டுவது அதை அடைக்கும். அதேபோல், விதிப்படி 240 குதிரைத்திறனுக்கு மேல் இயந்திரம் பொருத்திய படகுக்கும் இரட்டை மடி (இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் வலை) இழுக்கும் படகுக்கும் போர்க்கால உதவியில் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. மக்கள் பணத்தில் சட்டமீறலை ஓடவைப்பது சரியல்ல; கொடுத்தால் அந்தப் படகுகள்தான் அதிகம் குடிக்கும்.

நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் சிக்கல் வேறு. அங்கே விலையைவிடக் கிடைப்பதுதான் பிரச்சினை. மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரத்தைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒதுக்கீடு தாமதமானால் கையில் கிடைத்ததையெல்லாம் கலப்பார்கள்: டீசல், தின்னர், எங்கிருந்தோ வந்த பழைய எண்ணெய். டீசல் கலந்தால் சரியாக எரியாது. ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், புகை கக்கும், திரும்பும் வழியில் அலைக்கு நடுவே இயந்திரம் நிற்கும். தின்னர் கலந்தால் உயவு குறைந்து பிஸ்டன் உரசிப் பிடிக்கும். பழுது பார்க்கும் செலவு ஒரு மாத வருமானத்தை விழுங்கும். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. அதற்கு முன்பே பல வாரங்கள் எண்ணெய் கிடைக்காமல் வடக்கிலும் கிழக்கிலும் படகுகள் கரையில் கிடந்தன. அது பொருளாதார நெருக்கடி, போரல்ல. ஆனால் எரிபொருள் வரத்து நின்றால் சிறுதொழில் மீனவன்தான் முதலில் நிற்பான் என்பதைக் கண்ணெதிரே காட்டியது. மாவட்டத்துக்கு 30 நாள் தேவைக்கான மண்ணெண்ணெய் இருப்பு தனித் தொட்டியில் வேண்டும். அடியில் தண்ணீர் சேரும் என்பதால் மாதம் ஒருமுறை வடிகால் திறந்து தண்ணீர் நீக்கி, பழைய எண்ணெயை முதலில் விநியோகித்துப் புதியதை நிரப்ப வேண்டும். அப்படிச் செய்யாமல் வைத்த இருப்பு, தேவைப்படும் நாளில் இயந்திரத்தைத்தான் கெடுக்கும்.

எரிபொருளைக் குறைக்கவும் உதவலாம். போகும்போதும் திரும்பும்போதும் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டீசல் மிச்சமாகும். அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் படிந்த படகு அந்த மிச்சத்தையெல்லாம் தின்றுவிடும். கரையேற்றும் மேடைகளில் கட்டணத்தைப் பாதியாக்கி, சுத்தம் செய்ய முறைவைத்து நாள் ஒதுக்குங்கள். வலையின் விலையும் கச்சா எண்ணெயின் பின்னாலேயே வரும். நைலான் நூல், எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் கயிறு எல்லாம் எண்ணெயிலிருந்து பிறப்பவை. ஆனால் அந்த ஏற்றம் சில வாரம் கழித்தே கடையில் தெரியும் என்பதால், கூட்டுறவுச் சங்கங்கள் அந்த இடைவெளிக்குள் மொத்தமாக வாங்கி வைக்க வட்டியில்லாக் கடன் போதும்.

அடுத்து, கடல் மூடப்படும்போது.

பாதுகாப்புக் காரணத்துக்காகக் கடலை மூடும் உரிமை அரசுக்கு உண்டு, அதில் எங்களுக்குத் தகராறு இல்லை. ஆணை எப்படி வந்து சேர்கிறது என்பதில் உயிர் இருக்கிறது. அறிவிப்பில் ‘9.50 பாகை’ என்று இருக்கும். படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவி பாகை, கலை என்று காட்டும். ஒரு பாகைக்கு 60 கலை, எனவே 9.50 பாகை என்றால் 9 பாகை 30 கலை. அதை 9 பாகை 50 கலை என்று படித்துவிட்டால் 20 கடல் மைல் பிசகும். தடை செய்த எல்லைக்குள் படகு போய்விட அந்த ஒரு புள்ளி போதும். எல்லைகளைப் பாகை, கலை வடிவில், கடல் மைலில், தமிழில் எழுதித் தாருங்கள். கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் படிக்கவிடுங்கள். கரையோர ஊர்களில் செய்தி அப்படித்தான் பரவும்.

ஆழ்கடலில் இருப்பவர்களுக்கு அது எட்டாது. படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலி ஏறத்தாழ 20, 30 கடல் மைலுக்கு மேல் பேசாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சேராததன் விலையைக் குமரி மாவட்டம் இன்னும் சுமக்கிறது. அதன் பிறகு இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே இருபுறமும் குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகள் ஒரு லட்சம் படகுகளுக்குத் தரும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. போர்க்கால ஆணையை அதே கருவியில், தமிழில், ‘கிடைத்தது’ என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும் பொறுப்பை ஓர் அதிகாரியிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

முந்தின மாலை விரித்த செவுள்வலையும் நண்டுவலையும் கடலில் கிடக்கும்போது ஆணை வரலாம். அப்படிக் கிடந்தால் மீன் அழுகும், வலை கிழியும், அறுந்துபோன வலை யாருமில்லாமல் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். 48 மணி நேர அவகாசம் தர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கடலோரக் காவல்படைத் துணையோடு ஒரே ஒரு முறை வலை எடுத்துவர அனுமதியுங்கள். கட்டிக் கிடக்கும் படகையும் அப்படியே விட முடியாது. வாரம் இருமுறை அரை மணி நேரம் இயந்திரத்தை ஓட்ட வேண்டும், அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், பேட்டரியை ஏற்ற வேண்டும். மரப் படகைக் கரையில் வெயிலில் போட்டால் பலகை சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். துறைமுகம் மூடப்பட்டாலும் படகுக்கு இருவர் பகலில் உள்ளே வர அடையாளச் சீட்டு தேவை.

இது மிகைப்படுத்தல் என்று நினைத்தால் யாழ்ப்பாணத்தின் மயிலிட்டியைப் பாருங்கள். இலங்கையின் முன்னணி மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 1990 ஜூனில் மக்கள் வெளியேறினார்கள், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 27 ஆண்டுகள். படகு, ஐஸ் ஆலை, வீடு எல்லாம் போனது ஒருபுறம். கடல் தெரிந்த ஒரு தலைமுறையே வேறு தொழிலுக்குப் போய்விட்டது. மற்ற இடங்களிலும் இரவில் போகக்கூடாது, இத்தனை தூரத்துக்கு மேல் கூடாது, இத்தனை குதிரைத்திறனுக்கு மேல் கூடாது, அனுமதி அட்டை இல்லாமல் கூடாது என்று கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. முடிவு நாள் குறிக்காத மூடல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எங்கள் ஆணையில் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று எழுதுங்கள். புதுப்பிக்காவிட்டால் தானாகக் காலாவதியாக வேண்டும்.

மூடிய நாளுக்கான தொகை பற்றி. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131. நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336. தடைக்காலம் எப்போது வரும் என்று தெரியும், ஓரளவு சேர்த்து வைக்கலாம். போர் சொல்லிக்கொண்டு வராது. குறைந்தபட்சம் அந்த 336 ரூபாயை, குடும்ப அட்டைக்கு என்றில்லாமல் தொழில் செய்யும் ஆளுக்கு, வாரந்தோறும் கொடுக்க வேண்டும். பட்டியல் புதிதாக எடுக்க வேண்டாம். தடைக்கால நிவாரணம், மீன்பிடி குறைந்த கால நிவாரணம், சேமிப்பு நிவாரணத் திட்டம் மூன்றுக்கும் வங்கிக் கணக்கோடு பெயர்கள் ஏற்கெனவே உங்களிடம் உள்ளன. அதில் விடுபட்டவர்கள் இரு சாரார். ஒன்று, ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் படகுகளில் வேலை செய்பவர்கள்; டோக்கனில் எழுதும் ஆள் பட்டியலை வைத்து அவர்களைச் சேர்க்கலாம். இன்னொன்று, கூடை தூக்கி விற்கும் பெண்கள், கருவாடு போடுபவர்கள், ஐஸ் உடைப்பவர்கள். மீன் வராவிட்டால் இவர்கள் வருமானமும் அன்றே நிற்கிறது, ஆனால் மீன்வளத் துறையின் படகுப் பதிவேட்டில் இவர்களுக்கு இடமில்லை. இறங்குதள வாரியாக இப்போதே பதிவு செய்யுங்கள். போர் வந்த பிறகு பதிவு தொடங்கினால் தரகர்கள்தான் பட்டியல் எழுதுவார்கள்.

கடன் தவணையைத் தள்ளிவைப்பதாக அறிவிப்பது வழக்கம். அதனால் கிடைக்கும் பயன் குறைவு. உழவர் கடன் அட்டை 2018–19இல் மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான படகுகளின் உண்மையான கடன் ஏலக்காரரிடமும் வியாபாரியிடமும் வாங்கிய முன்பணம். அதற்குத் தவணை இல்லை. பிடித்ததை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கு விற்கும் கட்டாயம்தான் வட்டி. போர்க்காலத்தில் அந்தப் பிடி இறுகும். கூட்டுறவுச் சங்கத்தின் வழியே படகுக்கு ஐந்து கடலுக்கான செலவைச் சுழல் கடனாகக் கொடுத்தால், அரசு செய்யும் வேறெந்தத் தள்ளுபடியையும்விட அது பெரிய விடுதலை.

ஏற்றுமதி தடைபடுவதும் போரின் கைவேலைதான். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது, கட்டணம் ஏறியது. அந்தச் செலவைக் கணவாய், இறால் விலையில் குறைத்துப் படகின் தலையில் இறக்குவது எளிது. அப்போது குளிர்பதனக் கிடங்கின் இருப்பை ஈடாக வைத்து உடனே கடன் கிடைத்தால் அவசர விற்பனை நிற்கும். அரசே வாங்குவதும் புதிதல்ல. 1940இல் நார்வே ஜெர்மனியின் கைக்குப் போய் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. மருத்துவமனைக்கு எண்ணெயும் மீனவருக்கு விலையும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. இன்று விடுதிகள், மருத்துவமனைகள், சிறைச்சாலைகள் ஆகியவற்றுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் மீன் என்று வாங்கினாலே தேங்கிய சரக்கில் கணிசமான பங்கு நகரும்.

காப்பீட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். படகுக் காப்பீட்டிலும் விபத்துக் காப்பீட்டிலும் போரால் வரும் சேதம் வழக்கமாக விலக்கப்படும். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டின் 5 லட்ச ரூபாய் போர்க்கால இறப்புக்கும் பொருந்தும் என்று எழுத்தில் வேண்டும். கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழாண்டு காத்திருக்கும் நிலையைப் போர்க்காலத்துக்குத் தளர்த்தி, ஆறு மாதத்தில் சான்று கொடுங்கள்.

வளைகுடாவில் கூலிக்கு மீன்பிடிக்கும் நம்மவர்களையும் மறக்க வேண்டாம். 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதிய நாட்களில் ஈரானின் தென்கரையில் தமிழ்நாட்டு மீன்பிடித் தொழிலாளர்கள் திரும்ப வழியின்றி நின்றார்கள். அவர்களில் யார், எந்தத் தீவில், எந்தப் படகில் என்ற பட்டியல் மாவட்ட அலுவலகத்தில் இருந்தால் மீட்பு முதல் நாளே தொடங்கும். கடவுச்சீட்டு முதலாளியின் கையில் இருப்பதால், தூதரகம் தரும் அவசரப் பயணச் சான்றுக்கு வேண்டிய ஆவணப் படிகளையும் அந்தப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள்.

வரும் ஏப்ரல் 15க்குள் இரு துறைகளும் சேர்ந்து வரைவு ஆணையை வெளியிட்டு, தடைக்காலத்தின் 61 நாட்களில் துறைமுகம்தோறும் கருத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம். அந்த நாட்களில் எல்லோரும் கரையில் இருப்போம். டோக்கன் கணக்கு, டீசல் புத்தகம், பங்குச் சீட்டு எல்லாவற்றையும் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் கரையோரத்தின் படகு உரிமையாளர்கள், மீன்பிடித் தொழிலாளர்கள், மீன் விற்கும் பெண்கள், படகுக் கணக்கு எழுதுவோர்